பத்து மணிச் சங்கு

அணை உடையவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் துறையிலிருந்து மறுப்புக் கடிதம் வந்து சேரும். அன்று நடந்தது இதுதான்: “கரையின் நடுப்பகுதியில் தொண்ணூறு மீட்டர் நீளம் தன் பணியிடத்தை விட்டு விலகியதன் காரணமாக, நீர்த்தேக்கத்தின் முழுக் கொள்ளளவும் ஒரே தவணையில் பயனாளிகளுக்கு விநியோகிக்கப்பட்டது.” துறையின் சுற்றறிக்கை எண்ணும் தேதியும் போட்டு இப்படித்தான் சொல்கிறது. பயனாளிகளில் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் செத்துப்போனார்கள். அது சுற்றறிக்கையில் இல்லை. செத்தவர்களை எண்ணுவது வேறு துறையின் வேலை.

அந்த முன்னூற்றுப் பன்னிரண்டில் ஒருத்தி சங்குக்காரரின் மனைவி.

சங்குக்காரருக்கு ஐம்பத்தாறு வயது. இருபத்தேழு வருடமாக அவருக்கு ஒரே வேலை. அணையின் இடது பக்கத்தில், பாறைமேல், ஒரு சின்ன அறை. அறைக்கு மேலே முப்பதடி இரும்புக் கம்பம், அதன் உச்சியில் ஒரு மோட்டார். உள்ளே ஒரு சுவிட்சு, ஒரு டெலிபோன், ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு பதிவேடு, கால் ஆடும் நாற்காலி ஒன்று. சுவிட்சைப் போட்டால் கீழே ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி மோட்டார் ஊளையிடும். காகிதத்தில் அதற்கு ‘அபாய அறிவிப்பு ஒலிக்கருவி’ என்று பெயர். ஊர் அதைச் சங்கு என்றது.

சங்கு ஊத விதிகள் இருந்தன. சோதனை என்றால், ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை பத்து மணிக்கு ஒரு நிமிடம். அபாயம் என்றால், மும்மூன்று நிமிடமாக மூன்று ஊதல், நடுவில் ஒவ்வொரு நிமிடம் இடைவெளி. சோதனைக்கு உத்தரவு தேவையில்லை. அபாயத்துக்குப் பெரிய பொறியாளரின் எழுத்துமூல உத்தரவு வேண்டும். இருபத்தேழு வருடத்தில் அபாயம் ஒருமுறைகூட வரவில்லை. திங்கட்கிழமை மட்டும் வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

அதனால் ஊருக்குத் தெரிந்ததெல்லாம் பத்து மணிச் சங்குதான். சங்கு ஊதினால் பள்ளிக்கூடத்தில் பாட வேளை மாறும். முடிதிருத்துபவர் வாசலுக்கு வந்து கைக்கடிகாரத்தைத் திருகிவிட்டு உள்ளே போவார். ஆலையில் முதல் தேநீர் வரும். சங்குக்காரர் வீட்டில் அவர் மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறுவாள். கல்யாணத்துக்கு வந்த சுவர்க் கடிகாரம் வாரத்துக்கு ஐந்து நிமிடம் பின்தங்கும். வேறு கடிகாரம் வாங்கலாம் என்று மகள் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள்.

“எதுக்குடி? அதான் வாரா வாரம் உங்கப்பா சரி பண்ணிக் குடுக்கறாரே,” என்பாள் அவள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சங்குக்காரர் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்பார், “முள்ளத் திருப்பிட்டியா?”

“திருப்பிட்டேங்க. நீங்க அங்கேருந்து ஊதினா, வீட்டுக்கு ஒரு குரல் குடுத்த மாதிரி இருக்கு.”

முப்பது வருடக் குடித்தனத்தில் இதைவிடக் கொஞ்சலாக அவர்கள் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை ஒன்பது நாற்பத்தெட்டுக்கு, சங்குக்காரர் வழக்கம்போல் வெளியே வந்து கரையைப் பார்த்தார். மண் கரையின் அடியில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வந்தது. தெளிந்த தண்ணீராக இருந்தால் பரவாயில்லை, கசிவு என்று விட்டுவிடலாம். இது மண்ணைக் கரைத்துக்கொண்டு பழுப்பாக வந்தது. உள்ளே ஓடி டெலிபோனை எடுத்தார்.

அலுவலகத்தில் தலைமை எழுத்தர் எடுத்தார்.

“ஐயா, கரைக்கு அடியில கலங்கலாத் தண்ணி வருது. மண்ணோட வருது. அபாயச் சங்கு ஊதட்டுமா?”

“உத்தரவு இருக்கா?”

“அதுக்குத்தாங்க போன் பண்றேன்.”

“பெரியவர் தலைநகர்ல இருக்காரே. இன்னைக்கு அணைப் பாதுகாப்பு வாரம் ஆரம்பிக்குது. மேடையில இருப்பாரு. இறங்கினதும் கேட்டுச் சொல்றேன்.”

“ஐயா, கண்ணு முன்னாடி கரையுதுங்க.”

தலைமை எழுத்தர் கெட்ட மனிதர் இல்லை. யாருக்கும் தொந்தரவு வராமல் ஒரு காரியத்தை முடிப்பது எப்படி என்று முப்பது வருடமாக யோசித்துப் பழகியவர். இப்போதும் யோசித்தார்.

“இன்னைக்குத் திங்கக்கிழமைதானே? மணி என்ன?”

“ஒம்பது அம்பது.”

“அப்புறம் என்ன? பத்து நிமிஷத்துல சோதனை வருதே! அதுக்கு உத்தரவே வேணாம். பத்து மணிக்கு ஆரம்பிச்சு, அப்படியே கொஞ்சம் சேத்து ஊதிடுங்க. ஒருத்தரும் உங்களக் கேள்வி கேக்க முடியாது.”

இருபத்தேழு வருடம் விதிப்படியே நடந்த மனிதருக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. இன்றுவரை அவர் தன்னை மன்னிக்காதது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். சுவிட்சின்மேல் கையை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். முள் நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே பழுப்புத் தண்ணீர் ஒரு ஆள் கனத்துக்குப் பெருத்தது. அவர் நின்றார். பத்து ஆனதும் சுவிட்சைப் போட்டார்.

பாறையிலிருந்து பார்த்தால் ஊர் தெரியும். அவர் வீடு மட்டும் ஆலைக்குப் பின்னால் மறைந்திருக்கும். முடிதிருத்துபவர் வாசலுக்கு வந்தார், கைக்கடிகாரத்தைத் திருகினார், உள்ளே போனார். பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் பிள்ளைகள் வரிசையாக ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்குப் போனார்கள். ஒரு நிமிடம் தாண்டியும் சங்கு நிற்கவில்லை. “என்ன, இன்னைக்கு நீளமா ஊதறாரு?” என்று ஆலையில் ஒருவர் கேட்டாராம். “சுவிட்சப் போட்டுட்டுத் தூங்கிட்டாரு போல,” என்றாராம் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்களாம். கேட்டவர் பிழைத்துக்கொண்டார், அவர் சொல்லித்தான் இது தெரியும்.

இரண்டாவது ஊதலில் சிலருக்கு உறைத்தது. அவர்கள் மேட்டுக்கு ஓடினார்கள். அதற்குள் கரை முன்னால் சாய்ந்துவிட்டது. மூன்றாவது ஊதல் தொடங்கி அரை நிமிடத்தில் மோட்டார் கருகிப் புகைந்தது. சங்குக்காரர் பாறை விளிம்புக்கு ஓடிவந்து, தொண்டை கிழிய, வெறும் வாயால் கத்தினார். பத்து ஒன்பதுக்குத் தண்ணீர் ஊருக்குள் போனது. அவர் கத்திக்கொண்டே இருந்தார்.

மனைவியை மறுநாள் ஆலை வேலியில் கண்டெடுத்தார்கள். மூன்றாம் நாள், மேட்டு ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வந்து அருகில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தைத்த தலையணை உறைகளைக் கொடுக்க அன்று காலை மேட்டுக்கு வந்ததால் தப்பித்தவள்.

“அண்ணே, சொல்லலாமா வேணாமான்னு ரெண்டு நாளாத் தவிக்கிறேன்.”

“சொல்லும்மா.”

“நான் உங்க வீட்டு ஜன்னலத் தாண்டறப்பத்தான் சங்கு ஊதிச்சு. அண்ணி ஸ்டூல்மேல நின்னு முள்ளத் திருப்பிட்டிருந்தாங்க. என்னப் பாத்துச் சிரிச்சாங்க. ‘பாத்தியா, உங்கண்ணன் நொடி தவறல’ன்னாங்க. நானும் சிரிச்சிட்டு வந்துட்டேன்ணே. எனக்கும் தோணலையே. சும்மா நடந்து வந்துட்டேனே.”

சங்குக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்பது நாற்பத்தெட்டுக்கு ஊதியிருந்தால் அது பத்து மணியாக இருந்திருக்காது. என்ன இது வேளைகெட்ட வேளையில் என்று ஊரே தெருவுக்கு வந்திருக்கும். அவளும் ஸ்டூலை விட்டு இறங்கி வாசலுக்கு வந்திருப்பாள். இதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லலாம், கேட்பார்கள் என்று நினைத்தார்.

பதினேழாம் நாள் துறை கேட்டது. ‘சோதனைக்கு அனுமதிக்கப்பட்ட ஒரு நிமிடத்துக்குப் பதிலாக ஆறரை நிமிடம் ஊதி, ஒலிக்கருவியின் மோட்டாரைக் கருக்கியது ஏன்?’ என்று விளக்கம் கோரும் குறிப்பாணை. சங்குக்காரர் நிவாரண முகாமில் ஒரு பெஞ்சுமேல் காகிதத்தை வைத்து, நான்கு பக்கம் எழுதினார். கலங்கல் தண்ணீர், டெலிபோன், பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தது, எல்லாவற்றையும் எழுதினார். ‘ஒன்பது நாற்பத்தெட்டுக்கே ஊதாதது என் தவறு. பத்து மணிக்கு ஊதியதால் ஜனங்கள் சோதனை என்று நினைத்துவிட்டார்கள்’ என்று முடித்தார்.

ஒரே வாரத்தில் பதில் வந்தது. துறையின் சரித்திரத்தில் இவ்வளவு வேகம் கிடையாது. ‘கேட்ட கேள்விக்கு மட்டும் விளக்கம் அளிக்கவும். ஊதியது பற்றிக் கேட்கப்பட்டது. ஊதாதது பற்றிக் கேட்கப்படவில்லை.’

விசாரணை பள்ளிக்கூடத்தில் நடந்தது. சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே சேற்றுக் கோடு நேராக ஓடியது. அதற்குக் கீழே இருந்த வாய்ப்பாட்டு அட்டைகள் கரைந்துபோயிருந்தன. மேலே இருந்த உலக வரைபடம் மட்டும் நன்றாக இருந்தது. விசாரணை அதிகாரிக்கு வெளியிலிருந்து நாற்காலி வந்தது. மற்றவர்கள் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார்கள்.

முதல் அரைமணி நேரம் சங்குக்காரர் குற்றவாளியாக இருந்தார். உத்தரவில்லாமல் அபாய ஊதல் ஊதியவர் என்று பெரிய பொறியாளர் எழுந்து நின்று அடுக்கினார். விசாரணை அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்போ, அது முறையான அபாயச் சங்கு இல்லைங்கறீங்க?”

“இல்லவே இல்லை சார்.”

“அப்படின்னா, முன்னூத்திப் பன்னெண்டு பேருக்குத் துறை எச்சரிக்கையே குடுக்கலைன்னு எழுதிக்கட்டுமா?”

பெரிய பொறியாளர் திறந்த வாயை மூடினார். பிறகு அவர் முகம் பளிச்சென்று ஆயிற்று. சங்குக்காரர் பக்கம் திரும்பி, முதல்முறையாக அவரைப் பார்த்துச் சிரித்தார்.

“சார், நான் சொல்ல வந்ததே வேற. எழுத்துமூல உத்தரவு இல்லைன்னுதான் சொன்னேன். உத்தரவு இல்லைன்னு சொல்லல. ஒம்பது அம்பத்தொம்பதுக்கே உத்தரவு என் மனசுல இருந்தது. காகிதத்துக்கு வரத்தான் கொஞ்சம் தாமதம். இந்த மனுஷன் என் மனசைப் படிச்சு ஊதியிருக்காரு. இவரை நாம பாராட்டணும் சார்!”

அடுத்த அரைமணி நேரத்தில் சங்குக்காரர் வீரர் ஆகிவிட்டார். அவருக்குத் தலைகால் புரியவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்தார்.

“ஐயா, பாராட்டெல்லாம் வேணாங்க. நான் பன்னெண்டு நிமிஷம் சும்மா நின்னேன். திங்கக்கிழமை பத்து மணிக்கு ஊதினேன். சனங்க சோதனைன்னு நெனச்சாங்க.”

“நெனச்சதுக்கு ஆதாரம் இருக்கா?” என்றார் விசாரணை அதிகாரி.

“செத்துட்டாங்களே ஐயா.”

“செத்ததுக்கு ஆதாரம் இருக்கு. நெனச்சதுக்கு இருக்கான்னு கேட்டேன்.”

சங்குக்காரர் சுவரில் இருந்த சேற்றுக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். இறந்தவர்கள் அனைவரும் ‘எச்சரிக்கப்பட்டும் வெளியேறாதோர்’ என்று அன்று மதியம் முடிவாயிற்று. அதிகாரிகள் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

வெளியூர் ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக்கொடுக்கும் வேலையிலிருந்த மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு அப்பாவோடு வந்து தங்கியிருந்தாள். அம்மாவின் இறப்புச் சான்றிதழை வாங்கி வந்தவள் அவள்தான். முகாமின் தடுப்புத் துணிக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து, அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, இதப் படிங்க. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. வெள்ளம்னு போடல. மூச்சு முட்டினதுன்னு போடல. ‘எச்சரிக்கையை மதியாமை’ன்னு போட்டிருக்கான்.”

அவர் படித்தார்.

“உங்க சங்கை அம்மா மதிக்கலையாம்ப்பா,” என்றாள் மகள். “இருபத்தேழு வருஷமா அந்தச் சங்கு சத்தத்துக்கு ஸ்டூல்ல ஏறி நின்ன பொம்பளைய, மதிக்கலைன்னு எழுதியிருக்கான். நாளைக்கு என் புள்ளைங்க இதப் படிச்சா, பாட்டி சொன்ன பேச்சு கேக்காமச் செத்தாங்கன்னு நெனைக்கும்.”

“மாத்தச் சொல்றேம்மா,” என்றார்.

அன்றிலிருந்து அவர் ஏறி இறங்காத படி இல்லை. முதல் அறையில், சான்றிதழைத் திருத்த வேண்டுமானால் இறந்தவர் நேரில் விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். இரண்டாவது அறையில், அது தவறு என்றும் வாரிசு விண்ணப்பிக்கலாம் என்றும் சொல்லி, ஆனால் திருத்தக்கூடியவை பெயர், வயது, முகவரி மட்டும்தான் என்றார்கள். “வயசு வேணா ஒரு ரெண்டு வருஷம் கொறைச்சுக்கறீங்களா?” என்று பரிவோடு கேட்டார் அந்த அறைக்காரர். மூன்றாவது அறையில் தலைமை எழுத்தர் இருந்தார். சங்குக்காரரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

“உங்களுக்குப் பதக்கம் வருது, தெரியுமில்ல? அன்னைக்கே நினைவுக்கல் திறப்பு. முன்னூத்திப் பன்னெண்டு பேரோட பேரும் பொறிச்சாச்சு. மேல தலைப்பு, தங்க எழுத்துல.”

“என்ன தலைப்புங்க?”

தலைமை எழுத்தர் சொன்னார். சான்றிதழில் இருந்ததையே கொஞ்சம் கௌரவமாக்கிப் போட்டிருந்தார்கள்: ‘எச்சரிக்கப்பட்டும் வெளியேறாதோர்.’

“எனக்குப் பதக்கம் வேணாங்க. அந்தத் தலைப்ப மட்டும் எடுத்துடச் சொல்லுங்க.”

“பதக்கம் வேணாம்னு எழுதித் தர நம்மகிட்டப் படிவமே இல்லையேப்பா,” என்றார் தலைமை எழுத்தர், உண்மையாகவே வருந்தி. “இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.”

“அன்னைக்கு டெலிபோன்ல நீங்க சொன்னதையாவது சொல்லுங்க ஐயா. பத்து மணி வரைக்கும் இருக்கச் சொன்னீங்கன்னு.”

தலைமை எழுத்தர் மேசைமேல் இருந்த பேனாக்களை ஒரே நீளத்தில் அடுக்கினார். “எனக்கு ரெண்டு வருஷத்துல ஓய்வு,” என்றார். அவர் கண் கலங்கியிருந்ததைச் சங்குக்காரர் பார்த்தார். அதற்குமேல் கேட்க மனம் வரவில்லை.

இதற்கிடையில் புது மோட்டார் வந்து கம்பத்தில் ஏறியது. அணை விலகிவிட்டது உண்மைதான், ஆனால் அணை விலகியதால் சோதனை விலக்கப்பட்டதாக உத்தரவு எதுவும் இல்லை. எனவே திங்கட்கிழமை தோறும் பத்து மணிக்கு, இல்லாத அணையின் ஓரத்தில் நின்று, இருந்த கொஞ்சம் ஊருக்குச் சங்குக்காரர் ஒரு நிமிடம் ஊதினார்.

முதல் திங்கட்கிழமை சங்கு ஊதியதும் முகாமில் இருந்தவர்கள் அத்தனை பேரும் போட்டது போட்டபடி மேட்டுக்கு ஓடினார்கள். முகத்தில் பாதிச் சோப்போடு ஒருவர் ஓடினார். தையல்காரம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி ஓடினாள். அடுத்த வாரமும் ஓடினார்கள். வெறும் சோதனை என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. கால் கேட்கவில்லை.

துறைக்கு இது பிடிக்கவில்லை. சங்கு அறையின் கதவில் பெரிய பொறியாளர் கையொப்பமிட்ட அறிவிப்பு ஒட்டப்பட்டது: ‘திங்கட்கிழமை பத்து மணிச் சங்கு சோதனைக்கானது மட்டுமே. அதைக் கேட்டு ஓடுவது ஒழுங்கீனம்.’ சங்குக்காரர் அதைத் தினமும் படித்தார். படிக்கப் படிக்க அவருக்குள் ஏதோ ஒன்று இறுகிக்கொண்டே வந்தது.

விழா ஒரு திங்கட்கிழமை வைத்தார்கள். அமைச்சருக்கு அன்றுதான் ஓய்வு. சங்கு அறைக்குக் கீழே, பாறை அடிவாரத்தில் பந்தல் போட்டு மேடை அமைத்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் நினைவுக்கல், அதற்கும் பின்னால் தொண்ணூறு மீட்டர் வெற்றிடம். முன் இரண்டு வரிசைகளில் விசாரணை அதிகாரி உட்பட அதிகாரிகள், நடுவில் அதிகாரிகளின் குடும்பங்கள், கடைசி வரிசைகளில் பிழைத்தவர்கள். கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி. ஒன்பதே முக்காலுக்கு அமைச்சர் திரையை விலக்கினார். தங்க எழுத்து வெயிலில் மின்னியது. கடைசி வரிசையில் யாரோ விசும்பியது கேட்டது. அது தன் மகள்தான் என்று மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த சங்குக்காரருக்குத் தெரிந்தது.

அமைச்சர் பேசத் தொடங்கினார். “ஒன்றை மட்டும் பெருமையோடு சொல்வேன். இந்த அரசு இதுவரை ஒருவரைக்கூட எச்சரிக்காமல் சாக விட்டதில்லை! அன்று சங்கு தன் கடமையைச் செய்தது. துறை தன் கடமையைச் செய்தது. ஏன், தண்ணீர்கூடத் தன் கடமையைத்தான் செய்தது. மக்கள்தான்...” என்று நிறுத்தி, துக்கத்தோடு தலையை ஆட்டினார்.

ஒன்பது ஐம்பத்தைந்துக்குச் சங்குக்காரர் தலைமை எழுத்தரிடம் குனிந்தார். “ஐயா, இன்னைக்குத் திங்கக்கிழமை. சோதனை இருக்கு.”

“பதக்கம் வாங்கற அன்னைக்குமா! போய்ட்டு வாங்க, போய்ட்டு வாங்க,” என்று அவர் நெகிழ்ந்துபோய் வழிவிட்டார். பக்கத்தில் இருந்தவர்களிடம், “கடமைன்னா இதுதான் சார்,” என்று சொன்னார்.

சங்குக்காரர் படியேறி அறைக்குள் போனார். கதவைத் திறந்தே வைத்தார். பத்து மணிக்குச் சுவிட்சைப் போட்டார்.

கடைசி வரிசைகள் அப்படியே எழுந்தன. நாற்காலிகள் சரிய, செருப்புகள் கிடக்க, பிழைத்தவர்கள் அத்தனை பேரும் பாறைமேல் ஏறினார்கள். கிழவர்களைத் தோளில் தாங்கிக்கொண்டு ஏறினார்கள். முன்வரிசையில் ஒருவரும் அசையவில்லை. அமைச்சர் பேச்சை நிறுத்திவிட்டு மணிக்கட்டைப் பார்த்தார், கடிகாரத்தைத் திருகினார். அவரைப் பார்த்து முன்வரிசை முழுவதும் மணிக்கட்டைப் பார்த்தது, திருகியது. ஒரு நிமிடம் முடிந்தது. சங்கு நிற்கவில்லை. மூன்று நிமிடம் ஊதி நின்றது. ஒரு நிமிடம் கழித்து மறுபடி ஊதத் தொடங்கியது. இப்படி ஊதினால் அபாயம் என்று விதிப் புத்தகத்தில் எழுதியவர்களே முன்வரிசையில்தான் இருந்தார்கள்.

“என்னய்யா இது?” என்றார் அமைச்சர்.

பெரிய பொறியாளர் பாய்ந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். பாறைமேல் ஏறிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கையை ஆட்டிக் கத்தினார். அவர் குரல் எல்லா ஒலிபெருக்கிகளிலும் கேட்டது, பாறையிலும் கேட்டது, அணை இருந்த வெற்றிடத்தில் மோதித் திரும்பியும் கேட்டது.

“உக்காருங்க! எல்லாரும் உக்காருங்க! எதுக்கு ஓடறீங்க? இன்னைக்குத் திங்கக்கிழமைங்க! மணி பத்து! இது சோதனைதான்! அஞ்சு நிமிஷம் சேத்து ஊதினா என்ன, திங்கக்கிழமை பத்து மணிக்கு ஊதறத யாராவது நெஜம்னு நெனைப்பாங்களா? புத்தி இருக்கறவன் இதுக்கு வெளியேறுவானா?”

அவருக்கு நேர் பின்னால் தங்க எழுத்தில் அந்தத் தலைப்பு இருந்தது.

பாறைமேல் ஏறியவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசையில் ஓரிருவர் மெல்லக் கல்லைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் மடியைப் பார்த்தார்கள். மூன்றாவது ஊதல் முழுசாக முடிந்தது. இந்தமுறை மோட்டார் கருகவில்லை.

சங்குக்காரர் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கீழே வந்தார். பதிவேட்டில் வழக்கமாகத் தேதி, நேரம், ஊதிய விதம் எழுதி, மேலதிகாரி கையொப்பம் வாங்குவது நடைமுறை. பெரிய பொறியாளர் வியர்த்துப்போயிருந்தார். எதிரே புகைப்படக்காரர் நின்றார். பதிவேட்டை வாங்கி, புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்தபடி, வாரா வாரம் போடும் மாதிரியே, படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

“வீரர் ரெண்டு வார்த்தை பேசட்டும்,” என்றார் அமைச்சர், நிலைமையைச் சமாளிக்க.

சங்குக்காரர் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றார். பேசத் தெரியாதவர். பதிவேட்டைப் பிரித்துப் படித்தார்.

“‘திங்கட்கிழமை, காலை பத்து மணி. அபாய ஊதல், மூன்று. வெளியேறியோர், முகாமில் உள்ள அனைவரும். எச்சரிக்கப்பட்டும் வெளியேறாதோர், அமைச்சர், பெரிய பொறியாளர், விசாரணை அதிகாரி, இரண்டு வரிசை அதிகாரிகள், குடும்பத்தார். காரணம், சோதனை என்று நினைத்தது. ஆதாரம், பெரிய பொறியாளர் ஒலிபெருக்கியில் சொன்னது.’ கீழ அவர் கையெழுத்து இருக்குங்க.” விசாரணை அதிகாரி பக்கம் திரும்பினார். “ஆதாரம் கேட்டீங்களே ஐயா, அதான். என் சம்சாரமும் இப்படித்தாங்க நெனச்சா. உங்களவிட அவ ஒண்ணும் புத்தி கெட்டவ இல்ல.”

பதக்கம் அவருக்குக் கொடுக்கப்பட்டதா இல்லையா என்பது கோப்பில் தெளிவாக இல்லை. பத்து நாள் கழித்து ஒரு கொத்தனார் வந்து, ‘பராமரிப்புப் பணி’ என்று பலகை வைத்துவிட்டு, தலைப்பின்மேல் சிமெண்டு பூசிவிட்டுப் போனார். வேறு தலைப்பு போடவில்லை. எந்தத் தலைப்பு போட்டாலும் யாரோ ஒருவர்மேல் பொறுப்பு விழும் என்று மூன்று கூட்டம் நடத்தி, வெறுமையாகவே விடுவது என்று முடிவு செய்தார்கள். பிறகு சத்தமில்லாமல் புதுச் சான்றிதழ்கள் வந்தன. காரணம் என்ற கட்டத்தில் ‘நீர்’ என்று மட்டும் இருந்தது.

மகள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஊருக்குக் கிளம்பும் முன் பாறைமேல் ஏறி வந்தாள். சங்குக்காரர் பழைய பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அம்மா மேல இருந்த பழி போச்சுப்பா. இனிமேயாவது வேளைக்குச் சாப்பிடுங்க.”

“அவ மேல இருந்தது போச்சும்மா.”

அவள் குனிந்து பார்த்தாள். வெள்ளம் வந்த திங்கட்கிழமையின் பக்கம். ‘காலை 10.00’ என்று இருந்த வரிக்கு மேலே, சின்ன இடைவெளியில், அப்பாவின் கையெழுத்தில் புதிதாக ஒரு வரி நெருக்கி எழுதப்பட்டிருந்தது. ‘காலை 9.48. ஊதவில்லை. உத்தரவுக்குக் காத்திருந்தேன்.’

மகள் அந்த வரியைப் படித்தாள். பக்கத்தில் இருந்த கையொப்பக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“இதுல யாருப்பா கையெழுத்துப் போடறது? ஒருத்தரும் போட மாட்டாங்களே.”

“உங்கம்மாதாம்மா போடணும்,” என்றார் சங்குக்காரர்.

அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.